ஆறாவது விரலும் காப்பாளர் கையொப்பமும்

"விண்ணப்பதாரர் பதினெட்டு வயது நிறைந்தவராயின் தாமே கையொப்பமிடலாம். நிறையாதவராயின் தந்தை அல்லது காப்பாளர் கையொப்பமிட வேண்டும்."

சென்னையில் இருந்த ஓர் ஓவியப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில், பின்பக்கம், நான்காவது குறிப்பு இது. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது. அரசாங்க அலுவலகங்களில் ஆயுளைக் கழித்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள் சொல்கிறேன்: தெளிவாக இருக்கிற விதியைத்தான் யாரும் படிப்பதில்லை. குழப்பமாக இருந்தாலாவது ஆளுக்கு ஒரு விளக்கம் எழுதுவார்கள்.

1958 ஜூன் மாதம் எனக்குப் பதினெட்டு நிறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாசியில் பிறந்தவள் நான். ஆனால் பள்ளிச் சான்றிதழின்படி எனக்கு வயது பதினாறு. அந்த இரண்டு வருடத்தைத் தின்றது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் அய்யா இராமநாதபுரத்தில் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில், சாய்வு மேசையும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். மேஜர், மைனர் என்ற சொற்கள் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்கின. யார் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், யார் போட்டால் செல்லாது என்பதை ஊருக்கே விரல் வைத்துக் காட்டிய மனிதர் அவர்.

அவர்தான் 1947 ஜூனில் என்னை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார். அப்போது எனக்கு ஏழு வயது. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன அவசரம் என்று இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தார். தலைமையாசிரியர் வயது கேட்டதும், கண் இமைக்காமல் "அஞ்சு" என்றார். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டதற்கு, "சர்டிபிகேட்டுல வயசு குறைச்சலா இருந்தா பின்னாடி நல்லதுடி. ஒனக்கு என்ன தெரியும்" என்று முடித்துவிட்டார். தலைமையாசிரியர் பஞ்சாங்கமா பார்த்தார்? எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்ட ஜூன் ஒன்றாம் தேதியை எனக்கும் போட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். இரண்டு மாதம் கழித்து எல்லாருக்கும் காகிதக் கொடியும் மிட்டாயும் கொடுத்தார்கள். நாடு விடுதலை அடைந்த வருடத்தில் நான் இரண்டு வயது சின்னவள் ஆனேன்.

பத்து வருடம் அதனால் ஒரு குறைவும் இல்லை. படித்தேன், படம் வரைந்தேன். பள்ளியில் ஓவியம் என்றால் மாம்பழம், செம்பு, தையலுக்கான பூக்கொடி. நான் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வரைந்தேன். கணக்கு நோட்டின் பின்பக்கங்கள் தீர்ந்தால், அய்யா வீணாக்கிய பத்திரத் தாள்களின் மறுபக்கம்.

பள்ளி இறுதி வகுப்புக்குப் போகுமுன் அந்தக் கோடை விடுமுறையில் என்னைப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புகள் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், தன் மகனுக்காக உறவுக்கூட்டத்தோடு வந்தார். ஜாதகம் கை மாறியது. ஜாதகத்தில் பொய் எழுத முடியாது, நட்சத்திரம் ஒத்துவராது. அய்யா அவரிடம் சொன்னது எனக்கு அடுப்படி வரை கேட்டது: "வர்ற மாசியோட பதினெட்டு முடியுதுங்க. விவரமான பிள்ள."

கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். "குனிஞ்ச தலை நிமிராம போ" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். போனேன். நிமிராத தலைக்கு என்ன தெரியும்? ஜமுக்காளம் தெரியும், காபி டம்ளர்களின் அடிப்பாகம் தெரியும், அப்புறம் கால்கள். வெடித்த குதிகால், மெட்டி இறுகிப் புதைந்த விரல், ஆட்டிக்கொண்டே இருந்த ஒரு கால். மாப்பிள்ளையின் காலாக இருக்க வேண்டும், புதுச் செருப்பு கடித்த புண் ஆறாமல் இருந்தது. நடுவில் அந்தப் பெரிய மனிதரின் இடது கால். சுண்டுவிரலை ஒட்டி, சின்னதாக, நகத்தோடு ஆறாவது விரல். அவர்கள் என்னை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் மாதம் பள்ளியில் சுதந்திர தினத்துக்கு ஓவியக் கண்காட்சி. தலைப்பு "விடுதலை". மற்றவர்கள் கொடி வரைந்தார்கள், புறா வரைந்தார்கள், அறுந்த சங்கிலி வரைந்தார்கள். நான் அந்தக் கால்களை வரைந்தேன். ஜமுக்காளத்தின் சிவப்புப் பட்டைக்கு மேலே அரைவட்டமாகப் பதினாறு கால்கள். கீழ் ஓரத்தில் மருதாணி வைத்த இரண்டு கால்கள், விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்தபடி. அதன் கீழே "பார்க்க வந்தவர்கள்" என்று எழுதினேன். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "கோயில்ல கும்பிட நிக்கிறவங்களா? நல்லாத்தான் இருக்கு" என்று மாட்டச் சொல்லிவிட்டார்.

கொடியேற்ற வந்த விருந்தினர் யார் என்று எங்களுக்கு அன்று காலைதான் தெரிந்தது. அதே பெரிய மனிதர். கண்காட்சி அறையில் பாரதமாதா படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்ததால், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒவ்வொரு படமாகத் தலையாட்டிக்கொண்டே வந்து, என் படத்துக்கு முன்னால் நின்றார். அவர் பின்னாலேயே வந்த சின்ன வகுப்புப் பிள்ளை ஒருத்தி படத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். ஆறு என்று முடிக்கும்போது அறையில் இருந்த இருபது பெண்களும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர் அந்த இடது காலைத் தூக்கி வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒரு ஆம்பிளை தன் காலை ஒளிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் என் சிநேகிதி. புதுமடத்துக்காரி. அவளுடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். இவள் இங்கே மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். என் காதில், "அல்லாவே, ஒன் கல்யாணம் நின்னுச்சு புள்ள. எனக்கும் ஒரு படம் இப்படி வரைஞ்சு குடு" என்றாள்.

கல்யாணம் நின்றது. நின்றதற்குக் காரணம் ஜாதகம் என்று சொல்லி அனுப்பினார்கள். அய்யாவுக்கு நிஜக் காரணம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. தகரக் கொட்டகை நின்றது அந்த மனிதரின் இடத்தில். மறுநாளிலிருந்து அய்யா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். படத்தை நான் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பரீட்சைக்குப் படித்தேன்.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினேன். மாதிரிக்கு நான்கு படங்கள் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கால் படத்தையும் வைத்தேன். கையொப்ப இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி தவறு, உண்மையில் எனக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது, ஆதாரம் பின்னால் அனுப்புகிறேன் என்று ஒரு தனிக் கடிதமும் வைத்தேன். நான் செய்ததில் ஒரே ஒரு மடத்தனம், அனுப்புநர் முகவரியில் வீட்டு முகவரியை எழுதியது. எங்கள் தெருத் தபால்காரர் வீடு வரை நடக்க மாட்டார். கொட்டகையில் அய்யா கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் அய்யா சாப்பாட்டுக்கு வந்தவர், சாப்பிடாமல் ஒரு தடித்த உறையைக் கூடத்தில் போட்டார். உடைத்திருந்தது. விண்ணப்பமும் படங்களும் திரும்பி வந்திருந்தன. கூடவே ஒரு கடிதம்: மாதிரிப் படங்கள் திருப்தி அளிக்கின்றன. இடம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் பள்ளிச் சான்றின்படி விண்ணப்பதாரர் மைனர். தந்தையின் கையொப்பம் பெற்றோ, அல்லது கல்வி அலுவலகத்தில் பிறந்த தேதியைத் திருத்திப் பெற்றோ சமர்ப்பிக்கவும். இடம் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை வைத்திருக்கப்படும், அதன்பின் ரத்தாகும்.

பத்து மாதத்துக்குப் பிறகு அய்யா என்னிடம் பேசினார்.

"யாரைக் கேட்டு அனுப்புன?"

"யாரையும் கேக்க வேண்டியதில்லய்யா. எனக்குப் பதினெட்டு ஆச்சு."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான். அவுகளுக்கு ஜாதகம் குடுக்கிறப்ப."

அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். அய்யா என் பக்கம் திரும்பினார். பத்திரத்தில் தான் விட்ட ஓட்டையை எதிர்க்கட்சிக்காரன் கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு அப்படி ஒரு முகம் வரும்.

"அது கல்யாணத்துக்குச் சொன்னது" என்றார்.

இந்த ஒரு வரியை நான் எத்தனையோ வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு நான் மேஜர். படம் வரையப் போவதற்கு மைனர். அடுத்தவன் வீட்டுக்கு அனுப்ப வயது கூடும், நானாக ஓர் ஊருக்குப் போக வயது குறையும். இரண்டு கணக்கையும் வைத்திருந்தது ஒரே ஆள், இரண்டும் அவருக்குச் செல்லும்.

பிறகு அவர் கால் படத்தை விரித்து என் முன்னால் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒனக்குக் கீழ ரெண்டு பேரு இருக்காளுக. நான் அந்தக் கொட்டகையில உக்காரணும். இந்த ஆறாவது விரல அழி. அழிச்சு, நானும் வாரேன், அவுக வீட்டுக்குப் போய்க் காட்டிட்டு, தெரியாம வரைஞ்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வருவோம். வந்து கையெழுத்துப் போடுறேன். போ மெட்ராசுக்கு."

"நெசமாவா?"

"நான் என்னைக்காச்சும் எழுதிக் குடுத்தத மாத்தியிருக்கேனா?"

மாற்றியதில்லை. அதுதான் கொடுமை. அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இடையில் நின்றது ஒரு நகக்கண் அளவு விரல்.

மறுநாள் சிநேகிதியிடம் போய்ச் சொன்னேன்.

"கிறுக்கச்சி, ஒரு விரல்தானே புள்ள. அழிச்சுட்டுப் போயேன். மெட்ராசுல போய் ஏழு விரல் போட்டு வரை, யாரு கேக்கப்போறா?"

"தெரிஞ்சுதான வரைஞ்சேன். தெரியாம வரைஞ்சேன்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப ஒங்க அய்யா கையெழுத்த நீயே போட்டுரு. நீதான் எதையும் பார்த்தது பார்த்தபடி வரையிறவளாச்சே."

என்னால் முடிந்திருக்கும். அவர் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய கையெழுத்தே இல்லை. என் கையெழுத்து செல்லும் என்று எவனாவது ஒருவன் எழுதித் தர வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. பதினெட்டு வயதில் எனக்கு விதியின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளை வண்ணத்தைக் குழைத்துப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன், அதையும் மறைப்பதற்கில்லை. தூரிகையை விரல் வரை கொண்டுபோனேன். அதை அழித்தால், மீதி இருக்கும் கால்கள் எல்லாம் கோயிலில் கும்பிட நிற்கிறவர்களின் கால்கள் ஆகிவிடும். தூரிகையைக் கழுவி வைத்தேன். அய்யா அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "முடியாதுய்யா" என்றேன். அவர் மோர் கேட்டார்.

மீதி இருந்தது கல்வி அலுவலகம். நான் பிறந்தது திருவாடானைப் பக்கம், அம்மாவின் ஊரில். பிறப்புப் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கும். கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி அம்மா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். அய்யாவிடம் அம்மா சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கோயிலுக்கும் போனோம், பொய் முழுப்பொய்யாகக் கூடாதென்று.

அலுவலகத்தில் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிப் பதிவைக் கண்டுபிடித்தார். மாசி மாதத்துக்குரிய ஆங்கிலத் தேதி, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சரி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. "பெண்" என்று மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு போய்ச் சேர்க்க யாருக்கும் நினைவு வராது. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், பெயரில்லாமல் பிறந்தவர்கள்.

"இது இந்தப் பிள்ளைதான்னு எப்படிம்மா தெரியும்? தங்கச்சியா இருந்தா?" என்றார் குமாஸ்தா.

"பெத்தவ நான் நிக்கிறேன். எது மூத்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

"வாய்ச்சொல் ஆகாதும்மா. தகப்பனார் ஒரு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும். அவர் கையெழுத்து இருந்தாப் போதும்."

அம்மா என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும், "வலி எனக்கு, கையெழுத்து அவருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நகல் கிடைத்தது. பெயரில்லாத நகலை இணைத்து, அம்மாவின் கைநாட்டோடு ஒரு வாக்குமூலம் எழுதி, கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை சிநேகிதியின் மாமி வீட்டு முகவரி கொடுத்திருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "விண்ணப்பதாரர் பள்ளிச் சான்றின்படி மைனர். எனவே மனுவைத் தந்தை வழியே அனுப்பவும்."

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். நான் மைனர் இல்லை என்று நிரூபிக்கும் மனுவை, நான் மைனர் என்பதால் ஏற்க முடியாது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இன்று வரை அந்தக் குறிப்பை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பிற்காலத்தில் நானும் சிவப்பு மையில் ஆயிரக்கணக்கான குறிப்புகள் எழுதினேன். இப்படி ஒன்று எழுதுவதற்கு அறியாமை வேண்டாம், சோம்பல் கூட வேண்டாம். எதிரே இருப்பது ஒரு பெண், அவளுக்குப் பின்னால் எவனோ ஒரு ஆம்பிளை இருப்பான், அவனை வரச் சொல்லலாம் என்ற நிம்மதி போதும். அய்யாவிடம் இருந்த அதே நிம்மதி. அவர் அதை வீட்டில் வைத்திருந்தார், இவர்கள் அதற்குக் கோப்பு எண் கொடுத்திருந்தார்கள்.

மறுபடி எழுதினேன். மனுவின் பொருளே என் வயதுதான் என்பதால், அதை முடிவு செய்யாமல் என்னை மைனர் என்று கருத இடமில்லை என்று எழுதினேன். பிழையில்லாத வாதம். இன்றைக்கு எழுதினாலும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து நினைவூட்டு. பதில் இல்லை. நேரில் போனேன். "கோப்பு மேலே போயிருக்கும்மா" என்றார்கள். மேலே போய்க் கேட்டேன், "கீழே கேட்டிருக்கோம்" என்றார்கள். அடுத்த தடவை போனபோது ஒருவர் நாற்காலி காட்டி உட்காரச் சொல்லி, அக்கறையாகவே கேட்டார்: "ஏம்மா, ஒங்க அய்யா கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுச்சு. எதுக்கு இந்த அலைச்சல்?"

அலைச்சலில் ஒரு வருடம் போனது. 1959 ஜூனில் ஓவியப் பள்ளியிலிருந்து ஓர் அஞ்சலட்டை: ஒதுக்கப்பட்ட இடம் ரத்து செய்யப்படுகிறது. அட்டை நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தது. அய்யா அதைக் கொண்டுவந்து கூடத்து மாடத்தில், எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். பாவம் என்று நினைத்தாரா, ஜெயித்தேன் என்று நினைத்தாரா, தெரியாது. அதை யோசித்துப் பார்க்கிற பெருந்தன்மை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

சிநேகிதிக்கு அந்த வருடமே கல்யாணமாகிவிட்டது. புருஷன் வீடும் புதுமடம்தான். கூடப் படித்தவர்கள் போயிருந்தோம். தலையில் முக்காடும் பூவுமாக உட்கார்ந்திருந்தவள் என்னைப் பக்கத்தில் இழுத்து, "இங்கனயும் நெறையக் காலு தெரியுது புள்ள" என்றாள். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. "நினைவூட்டு அனுப்புறத விட்டுறாத. மாமி வீட்டுல சொல்லியிருக்கேன், எது வந்தாலும் ஒனக்குக் குடுத்து விடுவாக" என்றாள்.

விடவில்லை. இடம் போன பிறகும் அனுப்பினேன். இடத்துக்காக அல்ல. ஒரு பதிலுக்காக. அதற்குள் அய்யாவின் கணக்கிலும் காலம் நகர்ந்துவிட்டது. 1960 ஜூன் ஒன்றாம் தேதி சான்றிதழின்படியே எனக்குப் பதினெட்டு முடிந்தது. அந்த மாதமே வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் ஒரு தாலுகா அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தது. பணியில் சேரும் அறிக்கையை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்கள். போட்டேன். யாரும் அய்யாவைக் கேட்கவில்லை. அந்த ஒரு சுகத்துக்காகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை. தூரிகையை எடுத்தது கொடிநாளுக்குத் தட்டி எழுதத்தான்.

பதில் வந்தது. மாமி வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பினார்கள். பழுப்பு உறை, உள்ளே ஐந்து வரி. "பார்வை" என்ற தலைப்பின் கீழ் என் மனுவின் தேதியும், ஒன்று விடாமல் என் பதினொரு நினைவூட்டுகளின் தேதிகளும். கீழே: "மனுதாரர் பள்ளிச் சான்றின்படியே பதினெட்டு வயது நிறைந்துவிட்டபடியால், காப்பாளர் கையொப்பம் குறித்த வினா தற்போது எழவில்லை. பிறந்த தேதியைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது."

உறையின் பின்பக்கம், அப்போதுதான் பழகியிருந்த அலுவலகப் பழக்கத்தில், பெற்ற தேதியை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்: 11-7-1960.